மெத்தைக் கடையில் தூங்கியவர்கள்

நுழைவுத் தேர்வில் தேறுவதற்குக் கணக்கும் கொஞ்சம் மொழியறிவும் இருந்தால் போதும். அதனால்தான் மேலாண்மைக் கல்லூரிகள் அதை மட்டும் நம்பி யாரையும் சேர்ப்பதில்லை. கணக்குத் தெரிந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டால் அப்புறம் நிர்வாகத்தை யார் செய்வது? ஆகவே தேர்வு முடிந்ததும் குழு விவாதம், நேர்காணல் என்று இரண்டு சுற்றுகள் உண்டு. அவற்றில் மாணவன் தான் உண்மையில் யார் என்பதைக் காட்ட வேண்டும். தான் யார் என்பதைக் காட்டுவதற்குப் பயிற்சி தேவைப்படுவதால், அதற்கென்று மையங்கள் இருக்கின்றன.

நம்மவன் சேர்ந்த மையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறத் தொடங்கும்போது யாருக்கோ பல் பிடுங்குகிற சத்தம் கேட்கும். பாதி ஏறியதும் அது தேய்ந்து, "என்னுடைய பலம் என்னவென்றால்" என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொல்கிற சத்தம் ஆரம்பிக்கும். நடுப்படியில் நின்று கேட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. தேர்வில் எடுத்த பெர்சன்டைல்தான் பெயர். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் உனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்லும் எண் அது. அதை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நம்மவன் தொண்ணூற்றேழு. அந்த எண் வந்த அன்று அவனுடைய அம்மா பால் ஊற்றுகிறவரிலிருந்து மீட்டர் பார்க்க வந்தவர் வரை எல்லோரிடமும் சொன்னார். மையத்தில் அதே எண்ணுக்குக் கடைசி வரிசையில், மின்விசிறி எட்டாத நாற்காலி கிடைத்தது. சுவரில் தொண்ணூற்றொன்பதின் படம் மாட்டியிருந்தது. வார இறுதி வகுப்புக்கு வருகிறவன் என்று சொன்னார்கள். அவசர வழி எந்தப் பக்கம் என்று காட்டும் பலகையை அந்தப் படம் மறைத்திருந்தது.

மையத்தின் டைரக்டர் மூன்று முறை மேலாண்மைக் கல்லூரி நேர்காணலுக்குப் போய் மூன்று முறையும் தேர்வாகாதவர். இந்த அனுபவம் ஊரில் வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை என்று அவரே விளம்பரத்தில் போட்டிருந்தார்.

முதல் நாள் அவர் நம்மவனை எதிரில் உட்கார வைத்தார்.

"பொழுதுபோக்கு என்ன?"

"படம் பார்ப்பேன் சார். மத்தபடி தூங்குவேன்."

"அது பொழுதுபோக்கு இல்ல தம்பி, வியாதி." வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, என்ன மிச்சம் இருக்கு?"

அவள் கணினியைப் பார்த்தாள். "மலையேற்றம் தீந்துடுச்சு சார். கிட்டார் ரெண்டு பேருக்கு மேல குடுக்க வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க. தேனீ வளர்ப்பு ஒண்ணு, பறவை பாக்கறது ஒண்ணு."

"தேனீ குடு."

"முகத்தைப் பாருங்க சார். தேனீன்னு சொன்னதுக்கே பின்னால சாயறாரு."

"சரி, பறவை. அஞ்சு பறவை பேரு மனப்பாடம் பண்ணிக்கோ தம்பி. காக்கா, புறா வேணாம், அதெல்லாம் தானா கண்ணுல படும். அடுத்தது. உன் பலவீனம் என்ன?"

நம்மவன் யோசித்துச் சொன்னான். "எதிர்ல யாராவது கேள்வி கேட்டா நாக்கு ஒட்டிக்குது சார்."

டைரக்டர் வருத்தப்பட்டார். "இது நிஜமான பலவீனம். நிஜமானதை எல்லாம் வெளியில சொல்லிட்டுத் திரிவாங்களா? ஓவரா வேலை செய்வேன். எதையும் அரைகுறையா விட மனசு வராது. வேலை பாக்கி இருந்தா தூக்கம் வராது. இந்த மூணுல ஒண்ணு எடுத்துக்கோ."

"எனக்கு நல்லா தூக்கம் வரும் சார்."

"எங்க சுத்தினாலும் நீ ஏன்யா தூக்கத்துலயே வந்து விழற?"

"பழக்கம் சார். எங்க அப்பா மெத்தைக் கடை வெச்சிருந்தார். ஸ்கூல் விட்டதும் அங்கதான் படுப்பேன்."

"வெச்சிருந்தார்னா? இப்ப இல்லையா?"

"மூடிட்டார் சார்."

டைரக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். வாயைத் திறந்தவன் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் கீழ்மாடி டாக்டரும் அப்படித்தான் இழுத்துப் போடுவார்.

இதற்குக் காரணம் உண்டு. எல்லா நேர்காணலிலும் ஒரு கேள்வி நிச்சயம்: உங்கள் வாழ்க்கையில் ஒரு தோல்வியைச் சொல்லுங்கள். மாணவனுக்கு வயது இருபத்தொன்று. அதுவரை அவன் தேர்வு எழுதுவதைத் தவிர வேறெதையும் முயற்சி செய்ததில்லை, அதில் தோற்றிருந்தால் அங்கே வந்திருக்கவே மாட்டான். ஆனாலும் தோல்வி வேண்டும். கல்லூரி விழாவில் மைக் வேலை செய்யாமல் போனது, கால்பந்து இறுதி ஆட்டத்தில் கோல் விட்டது என்று மையம் கையிருப்பில் வைத்திருந்த தோல்விகளெல்லாம் நைந்துபோயிருந்தன. போன வருடம் ஒரே மைக் முப்பது பேருக்கு வேலை செய்யாமல் போயிருந்தது.

"ஏன் மூடினார்? விவரமா சொல்லு," என்றார் டைரக்டர்.

நம்மவன் சொன்னான். கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. மெத்தை வாங்குகிறவர் படுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார் என்பதால் அப்பா எல்லா மெத்தையையும் விரித்தே வைத்திருப்பார். எதிர்க் கட்டடத்தின் இரவுக் காவலாளி வேலை முடிந்து போகிற வழியில், "ஒரு தடவை படுத்துப் பாக்கட்டுமா?" என்பார். "தாராளமா," என்பார் அப்பா. அவர் மதியம்வரை பார்ப்பார். மாசமாயிருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் தினமும் பேருந்து வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் பார்ப்பார். வெயிலில் நின்று களைத்த போக்குவரத்துக் காவலர் தொப்பியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு பார்ப்பார். அப்பாவுக்குத் தூங்குகிறவர்களை எழுப்ப மனசு வராது. ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார். நிஜமாகவே வாங்க வந்தவர்களிடம் விலையைக் காதோடு காதாகச் சொல்வார். அவர்கள், காலியாக ஒரு மெத்தைகூட இல்லாததைப் பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போவார்கள்.

"கடையைக் காலி பண்ணின அன்னிக்குக்கூட ஒருத்தர் தூங்கிட்டிருந்தார் சார். அவர் படுத்திருந்த மெத்தையை மட்டும் கடைசியா ஏத்துங்கன்னு அப்பா வண்டிக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டார்."

டைரக்டர் கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதை இன்னொரு தடவை சொல்லு, வீடியோ எடுத்துக்கறேன்," என்றார்.

வீடியோ எடுத்தபின் கதையைச் செப்பனிடும் வேலை ஆரம்பித்தது. தோல்வி என்றால் அதற்குள் ஒரு வெற்றி இருக்க வேண்டும். வெறும் தோல்வியை எந்தக் கல்லூரியும் வாங்காது. "பன்னண்டு வயசுல நீ டோக்கன் சிஸ்டம் கொண்டு வந்தே. ஆளுக்குப் பத்து நிமிஷம். விற்பனை ஏறிச்சு. ஆனா டூ லேட். அங்க ஒரு செகண்ட் நிறுத்தறே, கீழ பாக்கறே."

"நான் அப்ப அந்த மெத்தையிலதான் தூங்கிட்டிருந்தேன் சார்."

"தம்பி, இங்க பொய் சொல்லிக் குடுக்கறதில்ல. அது எங்க கொள்கை. நடந்ததை நடந்திருக்க வேண்டிய மாதிரி சொல்லிக் குடுக்கறோம்."

அதன்பின் நம்மவனுக்கு வகுப்பில் மரியாதை ஏறியது. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி கொடுத்தார்கள்.

*

அவனுடைய அப்பா இப்போது ஒரு பெரிய மெத்தை ஷோரூமில் வேலை பார்க்கிறார். மூன்று மாடி. அங்கேயும் வாடிக்கையாளர்கள் படுத்துப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் படுத்தவுடன் பக்கத்தில் ஒரு மணல் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். நேரம் முடிந்ததும் மணியடித்து எழுப்ப வேண்டும். அந்த மணி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். ஊழியர்கள் மெத்தையில் உட்காரக் கூடாது என்பதால் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயந்திரம் வீடு திரும்பியதும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டார். "ஏன்டா, உள்ள என்னதான் கேப்பாங்க?"

"தோல்வியைப் பத்திக் கேப்பாங்கப்பா."

"உனக்கென்னடா தோல்வி? அப்படி ஒண்ணும் இல்லன்னு தைரியமா சொல்லு."

"போன மாசம் குக்கரை அடுப்புல வெச்சுட்டு மறந்தானே, அதைச் சொல்லச் சொல்லுங்கப்பா," என்றாள் அக்கா. அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள்; அடுத்தவர் முகத்தைத் திருத்துவது அவள் தொழில், தம்பி முகத்தைக் கிழிப்பது பொழுதுபோக்கு. மையத்துக்குப் போகாமலே கிடைத்த பொழுதுபோக்கு.

"சும்மா இருடி, அவனே பயந்து போயிருக்கான்," என்றார் அம்மா.

அப்பா காலைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "என்னைப் பத்தி எதாவது கேட்டா, சேல்ஸ்ல இருக்கார்னு சொல்லு. அது போதும். அந்தக் கடைப் பேச்செல்லாம் அங்க வேணாம். ஊருக்கே இளிச்சவாயன்னு நானே போய்ச் சொன்ன மாதிரி இருக்கும்."

சொந்தக்காரர்களிடம் அவர் கட்டடத்தின் குத்தகை முடிந்துவிட்டதென்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறார்.

"சரிப்பா," என்றான் நம்மவன். தொண்டையில் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஐந்தில் எதுவென்று தெரியவில்லை.

அழைப்பு வந்தது ஒரே ஒரு கல்லூரியிலிருந்து. அதுவும் போனால் அடுத்த வருடம்தான். அம்மா அந்த அழைப்பைக் கண்ணாடி அலமாரிக்குள், நல்ல தட்டுகளுக்கு நடுவில் வைத்தார். கோட்டு வேண்டுமே என்ற கவலையை அக்கா தீர்த்துவைத்தாள். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு மாட்டிவிடுகிற கோட்டைக் கொண்டுவந்தாள். முன்பக்கம் அமைச்சர் போட்டுக்கொள்ளலாம், அப்படி இருந்தது. எல்லா அளவு ஆட்களுக்கும் பொருந்த வேண்டுமென்று முதுகை நடுவில் வெட்டி, நாடா வைத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"யாருக்கும் முதுகைக் காட்டாதே, அவ்வளவுதான்," என்றாள்.

"நிர்வாகத்துக்கே அதுதானே முதல் பாடம்," என்றார் அப்பா. நேர்காணல் அன்று லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினார். பேருந்தில் மகனுக்குப் பின்னால் ஒட்டி நின்று, நாடா முடிச்சை யாரும் பார்க்காமல் மறைத்துக்கொண்டே வந்தார்.

*

முதலில் குழு விவாதம். எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். மூலையில் இரண்டு பேராசிரியர்கள் மதிப்பெண் போட உட்கார்ந்தார்கள். தலைப்பு: மழையா, குடையா, எது அவசியம்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விவாதத்தில் பேசுகிறவனுக்கு மதிப்பெண் இல்லை, பேசாதவரைப் பேச அழைப்பவனுக்குத்தான் என்பது டைரக்டர் கண்டுபிடித்த உண்மை. எட்டுப் பேரும் அவரிடம் படித்தவர்கள்.

"நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, என் எதிர்ல இருக்கற நண்பரோட கருத்தைக் கேக்க விரும்பறேன்," என்றான் ஒருவன்.

"ரொம்ப நன்றி. ஆனா எனக்கு இடது பக்கம் இருக்கறவங்க இன்னும் பேசவே இல்லையே, அவங்க முதல்ல சொல்லட்டும்," என்றான் எதிரில் இருந்த நண்பன்.

இடது பக்கம் இருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முடியாதென்று கையை ஆட்டினாள். உடனே ஆறு பேர் அவளைப் பேசச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இன்னொருவன் அவளுடைய மௌனத்திலும் ஒரு கருத்து இருப்பதாகச் சொன்னான். நேரம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது நம்மவனுக்குப் பொறுக்கவில்லை.

"மழை பெஞ்சாத்தானே குடை?" என்று கேட்டுவிட்டான்.

பந்தியில் யாரோ எழுந்து நின்று ஏப்பம் விட்டதைப்போல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சுவர்ப்படத்தில் பார்த்த தொண்ணூற்றொன்பது நேரிலும் அங்கே இருந்தான். படத்தைவிடப் பளிச்சென்று இருந்தான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆக, இந்த விவாதத்துல நாம ஒருத்தரை ஒருத்தர் மதிச்சோம், யாரையும் விட்டுடல, ஒருமித்த முடிவுக்கு வந்தோம்," என்று தொகுத்துச் சொன்னான். பேராசிரியர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். தொண்டை கட்டிய பெண்ணுக்குத்தான் அதிக மதிப்பெண் என்று பின்னால் தெரிந்தது. நன்றாகக் கேட்கும் திறன் உள்ளவளாம்.

நேர்காணல் ஒவ்வொருவராக. காத்திருக்கும் கூடத்தில் பெற்றோர்களும் பிள்ளைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் இடைவேளை முடிந்ததும் தொண்ணூற்றொன்பது உள்ளே போனான். வெளியே வந்தபோது கண் சிவந்து, முகம் மலர்ந்திருந்தது. வண்டி வரும்வரை உட்காரலாமென்று நம்மவனின் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

அடுத்து நம்மவனைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தபடியே பக்கவாட்டில் நுழைந்து, நண்டு மாதிரி நகர்ந்து, முதுகைச் சுவருக்கே காட்டி நாற்காலியில் உட்கார்ந்தான்.

எதிரில் மூன்று பேர். நடுவில் மூத்த பேராசிரியர். ஒரு பக்கம், ஏதோ நிறுவனத்தில் ஆள் எடுக்கிற, ஆள் குறைக்கிற துறையைச் சேர்ந்த அம்மாள். இன்னொரு பக்கம் அதே கல்லூரியில் படித்துப் பெரிய ஆளான பழைய மாணவர். அவர் செல்போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வணக்கம். பறவை பாக்கறது பொழுதுபோக்குன்னு போட்டிருக்கீங்க," என்றார் அம்மாள். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அது என்ன பறவை?"

ஜன்னல் கட்டையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அது மனப்பாடம் செய்த ஐந்தில் இல்லை.

"புறா மேடம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதையே சொல்றீங்களே."

"எல்லாருக்கும் தெரிஞ்ச பறவைதான் மேடம் வந்து உக்காந்திருக்கு."

பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். "சரி. உங்க வாழ்க்கையில ஒரு தோல்வி சொல்லுங்க."

அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. தைரியமாக ஒன்றும் இல்லையென்று சொல்லலாம். ஆனால் மையத்தில் அத்தனை நாள் கண்ணாடிமுன் நின்று பழகிய வாய் அவனைக் கேட்கவில்லை, தானே திறந்துகொண்டது.

"எங்க அப்பா ஒரு மெத்தைக் கடை வெச்சிருந்தார்..."

பழைய மாணவர் செல்போனைக் கீழே வைத்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படுத்துப் பாக்க வந்தவங்க தூங்கிட்டாங்களா?" என்றார் பேராசிரியர்.

"ஆமா சார்."

"காலி பண்ணின அன்னிக்கும் ஒருத்தர் தூங்கிட்டிருந்தாரா?"

"ஆமா சார்."

"அவர் படுத்திருந்ததைக் கடைசியா ஏத்தச் சொன்னாங்களா?"

"ஆமா சார்."

அம்மாள் விரல் விட்டு எண்ணினார். "காலையில வந்த பையனுக்கு சோபா கடை. அடுத்தவனுக்கு முடி வெட்டற கடை, கடைசி ஆளு நாற்காலியோட வண்டியில போனாராம். அந்தத் தொண்டை கட்டின பொண்ணுக்குத் தலையணை, பாவம், எழுதிக் காட்டினா. டீக்கு அப்புறம் வந்தவனுக்கு மெத்தை. இப்ப இவருக்கும் மெத்தை. இந்த ஊர்ல யாரும் வீட்டுல தூங்கறதே இல்லையா?"

நம்மவனுக்கு அந்த வீடியோ எங்கெல்லாம் போயிருக்கிறதென்று அப்போதுதான் புரிந்தது. கோட்டுக்குள் வேர்த்தது, நாடா ஈரமாகி முதுகில் ஒட்டியது.

"சார், அது எங்க அப்பா கதை சார். நிஜமா நடந்தது."

"டீக்கு அப்புறம் வந்தவனும் நிஜம்னுதான் சொன்னான்," என்றார் அம்மாள்.

"எல்லாரும் எங்க அப்பாவைத்தான் சார் சொல்லியிருக்காங்க."

பேராசிரியர் பொறுமையாகச் சிரித்தார். "தம்பி, இருபது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். நிஜம் எது, நடிப்பு எதுன்னு முகத்தைப் பாத்தே சொல்லிடுவேன். அந்தப் பையன் சொல்லும்போது டோக்கன் சிஸ்டம் வந்த இடத்துல ஒரு செகண்ட் நிறுத்தினான், கீழ பாத்தான், கண்ணுல தண்ணி. அது நிஜம். உங்ககிட்ட அது இல்ல. நீங்க ஏதோ நடந்ததைச் சொல்ற மாதிரி சொல்றீங்க."

"எங்க அப்பா வெளியிலதான் சார் உக்காந்திருக்கார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"அப்படியா? கூப்பிடுங்களேன்," என்றார் அம்மாள். முதல்முறையாக அவருக்குச் சுவாரசியம் வந்திருந்தது. "எங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும். தோத்தவரே நேர்ல வந்து சொன்னா, உங்க மேல சந்தேகமே இருக்காது. சீட்டு உங்களுக்குத்தான்."

நம்மவன் எழுந்தான். பக்கவாட்டில் நகர்ந்து கதவருகே போய், கொஞ்சமாகத் திறந்து பார்த்தான். அப்பா அதே நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் இருந்த தொண்ணூற்றொன்பதிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சிரித்தார். கடை மூடியதற்குப் பிறகு அப்பா அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். அந்தச் சட்டைப் பையில் இன்று மணி இல்லை.

கூப்பிட்டால் வருவார். மகனுக்காக என்றால், உள்ளே வந்து நின்று, ஆமாம், அந்த இளிச்சவாயன் நான்தான் என்று மூன்று பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போவார். உட்காரச் சொன்னால்கூட உட்கார மாட்டார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தான்.

"வேணாம் சார். எங்க அப்பா சேல்ஸ்ல இருக்கார். கடையெல்லாம் வெச்சதில்ல. மத்தவங்க சொன்னதைக் கேட்டு நானும் காப்பி அடிச்சேன்."

அவன் மையத்தில் கற்றுக்கொள்ளாமல், சொந்தமாகச் சொன்ன ஒரே பொய் அது. டைரக்டர் பார்த்திருந்தால், நிறுத்தம் சரியாக இருந்தது, கீழே பார்த்ததும் சரியாக இருந்தது என்று பாராட்டியிருப்பார்.

பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா? இப்பதான் உங்க நிஜ முகம் வெளியில வருது. இதைத்தான் நாங்க தேடறோம்."

"நேர்மைக்குப் பத்துக்குப் பத்து," என்றார் அம்மாள், எழுதிக்கொண்டே. "காலையிலேர்ந்து யாருக்கும் நான் முழுசா குடுக்கல. காப்பி அடிச்சதை நீங்களே ஒத்துக்கிட்டதால உங்களைத் தகுதியில்லன்னு தள்ள வேண்டியிருக்கு. அது விதி. ஆனா மார்க் மார்க்தான், அதைக் குறைக்க மாட்டோம்."

"அடுத்த வருஷம் சொந்தமா ஒரு தோல்வியோட வாங்க," என்றார் பழைய மாணவர். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அது. பேசிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டார்.

நம்மவன் கும்பிட்டபடியே பின்னால் நடந்து, கதவைக் கையால் தடவிக் கண்டுபிடித்து வெளியேறினான். இவ்வளவு மரியாதையோடு யாரும் அந்த அறையைவிட்டுப் போனதில்லையென்று பேராசிரியர் சொன்னது கதவு மூடும்போது கேட்டது.

*

கூடத்தில் தொண்ணூற்றொன்பது போய்விட்டிருந்தான். அப்பா எழுந்து வந்து நாடா முடிச்சைச் சரிசெய்தார்.

"எப்படிடா போச்சு?"

"நேர்மைக்குப் பத்துக்குப் பத்துப்பா."

"எனக்குத் தெரியும்டா." தோளைப் பிடித்து அழுத்தினார். "கடைப் பேச்சு வந்ததா?"

"இல்லப்பா. சேல்ஸ்ல இருக்கார்னு சொன்னேன்."

"அதான் சரி."

மீதியை வீட்டுக்குப் போய், அம்மாவும் அக்காவும் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு வரும்வரை அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டே வந்தார். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொன்னா நம்ப மாட்டே. என் பக்கத்துல ஒரு பையன் உக்காந்திருந்தானே, பளபளன்னு. அவன் உள்ள என்ன பேசினான்னு எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தான். அவங்க அப்பாவும் மெத்தைக் கடைதான் வெச்சிருந்தாராம்டா."

நம்மவன் சாலையைப் பார்த்தான்.

"வந்தவங்கள்லாம் தூங்கிட்டாங்களாம். அவருக்கும் எழுப்ப மனசு வரலையாம். கேக்கக் கேக்க எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கடையைக் காலி பண்ணின அன்னிக்கு ஒருத்தர் தூங்கிட்டிருந்தாராம், அதே மாதிரி! இத்தனை நாளா உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படி ஒரு மடையன்னு நெனச்சிட்டிருந்தேன்." அப்பாவின் குரல் கரகரத்தது. சிரித்துச் சமாளித்தார். "அந்தப் பையன் கெட்டிக்காரன். பன்னண்டு வயசுலயே டோக்கன் போட்டிருக்கான். நீ அந்த வயசுல வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டிருந்தே."

"ஆமாப்பா."

"சரி, அதுக்கென்ன. பாவம், குழந்தை. நான்தான் உன்னையும் எழுப்பலையே."

சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். "அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும், நம்பர் குடுப்பான்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கினான், அப்புறம் இந்தப் பேனாவைக் குடுத்துட்டான். இதுல போட்டிருக்கற நம்பர்தானாம்."

தெரியாது, இல்லை என்கிற சொற்களை எந்த நிலையிலும் சொல்லக்கூடாதென்பது மையத்தின் முதல் பாடம். பேனாவில் தங்க நிறத்தில் அச்சிட்டிருந்த எண்ணை நம்மவன் பார்த்தான். அவனுடைய கோட்டுப் பையிலும் மையம் கொடுத்த அதே பேனா ஒன்று இருந்தது.

"அப்புறமா பேசிக்கலாம்பா. பஸ் வர நேரம்."

"இரு, ஒரே நிமிஷம்." அப்பா ஏற்கெனவே எண்ணை அழுத்தியிருந்தார். போனைக் காதில் வைத்து, அவசரமாகத் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டார். மறுமுனையில் இசை ஒலிப்பது வெளியிலும் கேட்டது. பிறகு பதிவு செய்த பெண் குரல்: உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. எங்கள் டைரக்டர் இப்போது வேறு ஒரு கூட்டத்தில் இருக்கிறார். தயவுசெய்து வரிசையில் காத்திருக்கவும்.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் கண்கள் விரிந்திருந்தன.

"டைரக்டராம்டா. போன் எடுக்கறதுக்கே ஆள் வெச்சிருக்கார். எப்படி மேல வந்திருக்கார் பாரு. அதே தப்பைத்தான் அவரும் பண்ணினார்."

பேருந்து வந்து நின்றது. "பஸ்ஸுப்பா," என்றான் நம்மவன்.

"அது போகட்டும். வரிசையில இருக்கச் சொல்றாங்க."

பேருந்து போனது. அப்பா போனைக் காதோடு அணைத்தபடி, மறுமுனையில் யாரோ படுத்திருப்பதைப்போலவும் அவரை எழுப்பிவிடக் கூடாதென்பதைப்போலவும், அடி மேல் அடி வைத்து நிழலுக்குப் போய் நின்றார்.